யாரிடம் போய் உட்காருவது?

இந்த நூலின் முன் அத்தியாயங்களைக் கையெழுத்துப் பிரதியில் வாசித்த நண்பர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "மூச்சைப் பாரு, மனசு ஓடினா கூட்டிட்டு வா, அதெல்லாம் புரியுதுண்ணே. மதுரையில யார்கிட்டப் போறது? ஒரு பேரைச் சொல்லுங்க."

பல் டாக்டர் என்றால் பேரைச் சொல்லிவிடுவேன். எனக்கு வலிக்காமல் பிடுங்கியவர் உங்களுக்கும் அப்படித்தான் பிடுங்குவார். தியானம் சொல்லித் தருகிறவர் விஷயத்தில் அந்தக் கணக்கு செல்லாது. என்னை ஒழுங்காக உட்காரவைத்த அம்மாவிடம் என் தம்பியை அனுப்பினேன். இரண்டே வாரத்தில், "அந்த டீச்சர் ஸ்கூல் மாதிரியே நடத்துறாங்க" என்று நின்றுவிட்டான். ஆகவே இந்த அத்தியாயத்தில் ஆளைக் காட்டப் போவதில்லை. ஆளை எப்படிப் பார்ப்பது என்று மட்டும் சொல்கிறேன். ஒருவர் மேடையில் எவ்வளவு அழகாகப் பேசுகிறார் என்பதைக் கொண்டு அவரை எடைபோட்டுவிடாதீர்கள். நீங்கள் குழம்பிப்போய் ஒரு கேள்வி கேட்கும்போது அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். நான் சொல்லப்போகிற மற்றதெல்லாம் இதையொட்டியதுதான்.

முதலில், எந்தச் சரக்கு?

மதுரையில் 'தியானம்' என்ற ஒரே போர்டின் கீழ் நாலைந்து வெவ்வேறு சரக்கு கிடைக்கிறது. பேட்டைக்குப் பேட்டை இருக்கும் மனவளக்கலை மன்றங்கள், வேதாத்திரி மகரிஷி 1958இல் தொடங்கிய உலக சமுதாய சேவா சங்கத்தின் வழி வந்தவை. அங்கே சொல்லித் தருவது எளியமுறைக் குண்டலினி யோகம். புருவ மையத்தில் கவனத்தை வைக்கும் ஆக்கினைத் தவத்தில் ஆரம்பிப்பார்கள்; கூடவே உடற்பயிற்சியும் உண்டு. பிரம்ம குமாரிகள் நிலையத்துக்குப் போனால் ராஜயோகம். அதில் கண்ணைத் திறந்துகொண்டே, தன்னை ஓர் ஒளிப்புள்ளியாக நினைத்து உட்காருவார்கள். விபாசனா பர்மாவிலிருந்து வந்த பௌத்த வழி. முதல் மூன்று நாள் மூச்சு மட்டும், பிறகு உடம்பில் தோன்றும் உணர்ச்சிகள்.

ஐ.டி. கம்பெனிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் 'மைண்ட்ஃபுல்னஸ்' என்ற பெயரில் நடப்பது வேறு வம்சம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979இல் தொடங்கினார். மருந்தால் தீராத வலியோடு வந்தவர்களுக்காக, பௌத்தத் தியானத்திலிருந்து எடுத்து, சாமி பூதம் எதுவும் சேர்க்காமல் எட்டு வாரப் பாடமாக்கினார். இதன் வேர்ச்சொல் பாலி மொழியில் சதி. தமிழில் அப்படியே எழுதினால் யாரோ நமக்கு எதிராகத் திட்டம் போடுவது மாதிரி இருக்கும். அதனால்தான் இந்த நூல் முழுக்க 'கவனத் தியானம்' என்று எழுதிவருகிறேன்.

இவற்றில் எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் எதைக் கற்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போங்கள். இட்லி மாவு வாங்கப் போனவன் கையில் சேமியாவைக் கொடுத்து, "ரெண்டும் டிபன்தானே" என்றால் ஒத்துக்கொள்வோமா? "உங்க முறை எது சார்?" என்று கேட்டதற்கு "எல்லாம் ஒண்ணுதான், கடைசியில எல்லாம் அங்கதான் போய்ச் சேருது" என்று பதில் வந்தால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். தன் முறையைத் தெரிந்தவர், அது மற்றதிலிருந்து எங்கே பிரிகிறது என்பதை ஐந்து நிமிடத்தில் எளிதாகச் சொல்லிவிடுவார்.

உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

நகரத்துக்கு மேற்கே கீழக்குயில்குடியில் சமணர்மலை இருக்கிறது. அடிவாரத்தில் ஆலமரங்கள், தாமரைக்குளம், கருப்பசாமி கோயில். படி ஏறினால் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில், சுனைக்குப் பக்கத்துப் பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கும். அவற்றுக்குக் கீழே ஆயிரம் வருடத்துக்கும் மேற்பட்ட வட்டெழுத்துக் கல்வெட்டுகள். அந்த மலையின் கல்வெட்டுகளில் எனக்குப் பிடித்த விஷயம், ஆளை அடையாளம் சொல்லும் விதம். இன்னாருடைய மாணாக்கர் இன்னார் செய்வித்த திருமேனி இது என்கிற பாணி. பட்டமோ சாதனைப் பட்டியலோ அதில் வருவதில்லை. யாரிடம் படித்தவர் என்பதே ஓர் ஆளைப் பற்றிச் சொல்லவேண்டிய முதல் செய்தியாக இருந்திருக்கிறது.

அந்தக் கேள்வியை நீங்களும் கேட்கலாம். "நீங்க யார்கிட்ட படிச்சீங்கய்யா? எத்தனை வருஷம்? இப்பவும் அவங்ககூடப் பேசுறீங்களா?" மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம். நல்ல ஆசிரியருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். தன் வாத்தியாரைப் பற்றிப் பேச யாருக்குத்தான் ஆசை இருக்காது? முகம் சுளிப்பவரிடமும், "இமயமலையில் ஒரு சித்தர்" என்று ஆரம்பிப்பவரிடமும் அடுத்த கேள்வியைக் கேட்காமலேயே எழுந்து வந்துவிடலாம்.

சான்றிதழ் ஒரு பக்கம் இருக்கட்டும். தியானம் சொல்லித்தர இந்தியாவில் உரிமம் எதுவும் கட்டாயமில்லை. இன்று காலை ஃபிளக்ஸ் அடித்து மாலையில் வகுப்பு எடுத்தால் யாரும் கேட்க முடியாது. வார இறுதி இரண்டு நாள் ஜூம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு, தங்க முத்திரை போட்ட தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை தாள் என்பதை விட்டுவிட்டு, "நீங்க தினமும் உக்காருறீங்களா?" என்று கேளுங்கள். இதற்கு வரும் பதிலின் வேகத்திலேயே நிறையத் தெரிந்துவிடும்.

மதுரைக்காரர் யாரிடம் இதைச் சொன்னாலும் உடனே ஒரு மறுப்பு வரும்: "ரமணருக்கு யாரு குரு?" நியாயம்தான். மீனாட்சியம்மன் கோயிலுக்குத் தெற்கே சொக்கப்ப நாயக்கன் தெருவில், சித்தப்பா வீட்டு மாடியில், 1896 ஜூலை மாதம், பதினாறு வயதுப் பள்ளிக்கூடப் பையன் வேங்கடராமன் செத்தவன் மாதிரி படுத்துப் பார்த்தான். அதற்குப் பெயர் என்ன, சாத்திரம் என்ன என்றெல்லாம் அவனுக்கு அப்போது தெரியாது. ஆகஸ்ட் 29ஆம் தேதி வீட்டைவிட்டுக் கிளம்பினான். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை. அந்த வீடு இப்போது ரமண மந்திரமாக இருக்கிறது, போய் உட்கார்ந்து பார்க்கலாம்.

ஆனால் கதையின் அடுத்த பகுதியை யாரும் சொல்வதில்லை. திருவண்ணாமலையில் பாதாள லிங்கத்தின் இருட்டில் பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கியதுகூடத் தெரியாமல் அந்தப் பையன் உட்கார்ந்திருந்தான். பிறர்தான் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள், ஊட்டிவிட்டார்கள், கல்லெறிந்த பையன்களை விரட்டினார்கள். குரு இல்லாத ரமணருக்கே பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் கைரேகை வைக்க வேண்டிய நமக்கு எவ்வளவு தேவைப்படும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வழிகாட்டியாகத் தோன்றுவது வேறொருத்தி, மணிமேகலை. அந்தக் காப்பியத்தில் அவள் வஞ்சி நகருக்குப் போய், வேடம் மாற்றிக்கொண்டு, பல சமயத்து ஆசிரியர்களிடமும் ஒவ்வொருவராகப் போய் "உங்கள் கொள்கை என்ன?" என்று கேட்கிறாள். எல்லாரையும் கேட்டு முடித்த பிறகுதான் காஞ்சியில் அறவண அடிகளிடம் அறம் கேட்கிறாள். எழுதிய சாத்தனார் மதுரையில் கூல வாணிகம் செய்தவர், அதாவது தானிய வியாபாரி. கீழமாசி வீதி மண்டிகளில் இன்றைக்கும் பார்க்கலாம், மூட்டையில் கொக்கியைக் குத்தி நாலு மணியை உள்ளங்கையில் கொட்டி ஊதிப் பார்க்காமல் யாரும் விலை பேசுவதில்லை. நாலு இடத்தில் மாதிரி பார்ப்பது துரோகம் இல்லை.

முதல் வகுப்பு

நான் முதன்முதலாகப் போன இடத்தைச் சொல்கிறேன். மாட்டுத்தாவணிக்குப் போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. கீழே யாருக்கோ வளைகாப்புப் பந்தி நடக்கிறது. மேலே ஏசி, ஊதுபத்தி, மெல்லிய புல்லாங்குழல் இசை, நாற்பது பேர். ஆசிரியர் வெள்ளை ஜிப்பாவில் வந்து, கண்ணை மூடச் சொல்லி, "மனதைக் காலியாக்குங்கள்" என்றார். இருபது நிமிடத்தில் என் இடது கால் மரத்து, பிறகு எரிய ஆரம்பித்தது. முடிந்ததும் கை தூக்கிச் சொன்னேன். அவர் சிரித்தார். "பழைய கர்மா வெளியேறுகிறது. தடுக்காதீர்கள்." நாற்பது தலையும் ஆடின. எனக்குப் பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், முட்டியைப் பிடித்தபடி, ஏதோ கேட்க வாயெடுத்தவர், மூடிக்கொண்டார். அவர் வாயை மூடியதுதான் எனக்கு இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. வெளியே வந்தால் செருப்பு விடும் இடத்திலேயே மேசை போட்டு, 'அடுத்த நிலை' வகுப்புக்கு விண்ணப்பம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது இடம் திருப்பாலைப் பக்கம் ஒரு வீட்டு மொட்டைமாடி. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். காலை ஆறு மணி, ஆறே பேர், பழைய பிளாஸ்டிக் சேர்கள். பாயில் உட்காரப் போன ஒரு பெரியவரைப் பார்த்து, "அண்ணே, சேர்ல உக்காருங்க. முட்டியைச் சித்ரவதை பண்றதுக்கு இங்க வரவேணாம்" என்றார். பக்கத்து வீட்டுக் குக்கர் கத்துகிறது; யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பத்து நிமிடம் கழித்து மணியடித்துவிட்டு, சொற்பொழிவு ஒன்றும் செய்யாமல், "என்ன நடந்துச்சு?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

ஒரு பையன் சொன்னான்: "மனசு நிக்கவே மாட்டேங்குதும்மா."

"நின்னா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். ஓடிட்டிருக்குன்னு எப்பத் தெரிஞ்சுச்சு?"

பையன் யோசித்தான். "குக்கர் மூணாவது விசில்ல."

"அதுக்கு முன்னாடி எங்க இருந்த?"

"பைக் ட்யூ கட்டணும்... அதை நினைச்சுட்டு இருந்தேன்."

"மூணாவது விசில்ல திரும்பி வந்துட்டேல்ல. இன்னைக்குப் பாடம் அவ்வளவுதான்."

இன்னொரு நாள் ஒரு பெண், கண்ணை மூடினால் நீல வெளிச்சம் தெரிகிறது, அது நல்லதா என்று கேட்டார். டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு அப்படி வந்ததில்லம்மா. எங்க சாரைக் கேட்டுச் சொல்றேன்" என்றார். அடுத்த வாரம் கேட்டுக்கொண்டும் வந்தார். பதில் சாதாரணமானதுதான்: வந்தால் வரட்டும், போனால் போகட்டும், மூச்சுக்குத் திரும்பு. எனக்குப் பெரிதாகப் பட்டது, ஆறு பேர் முன்னால் "எனக்குத் தெரியாது" என்று அவர் சொன்னதுதான்.

இது என் சொந்த விருப்பம் மட்டும் இல்லை. பிரிட்டனில் பாங்கர், எக்ஸீட்டர், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் சேர்ந்து, மைண்ட்ஃபுல்னஸ் ஆசிரியர்களை மதிப்பிட ஓர் அளவுகோல் உருவாக்கியிருக்கிறார்கள். ஆறு தலைப்புகள். மாணவர்களோடு பழகும் விதம், தான் சொல்வதைத் தானே நடந்து காட்டுவது, பயிற்சி முடிந்ததும் மாணவர் அனுபவத்தைக் கேட்டுக் கேட்டுப் பாடத்தை வெளியே கொண்டுவருவது, குழுவைப் பத்திரமாக வைத்திருப்பது என்று போகும். மேடைப் பேச்சுக்கு அதில் தனித் தலைப்பே கிடையாது. தமிழ்நாட்டில் மதிப்பெண் போட்டால் முதல் ஐம்பது மார்க்கை அதற்குத்தானே கொடுப்போம்!

மொழியையும் கவனியுங்கள். "பிரசன்ட் மொமென்ட்ல அவேர்னஸை ஹோல்டு பண்ணுங்க" என்று சொல்லித் தருபவரிடம், "என் அம்மாகிட்ட இதை எப்படிச் சொல்றது?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் தடுமாறினால், அவருக்கே அது இன்னும் புத்தகத்தில்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை கூடுதலாக. தனி அறையில் தனியாக வரச்சொல்வது, 'சக்தி கொடுக்கிறேன்' என்று தொடுவது, ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் "தியானம் எப்படிப் போகிறது?" என்று கேட்பது: இவற்றில் ஒன்று நடந்தாலும் யோசனையே வேண்டாம், விட்டுவிடுங்கள். ஏன் என்று விளக்கம் சொல்லிவிட்டு வரவேண்டிய கடமைகூட உங்களுக்கு இல்லை. தனியாகப் பேசவேண்டிய தேவை தியானப் பயிற்சியில் உண்மையிலேயே உண்டு. ஜென் மரபில் ஆசிரியரைத் தனியே சந்திப்பதே பயிற்சியின் ஓர் அங்கம். ஆனால் அதற்கு நேரம், இடம், முறை எல்லாம் எல்லாருக்கும் தெரியும்படி இருக்கும்.

காசு

இலவசம் என்றால் நல்லது, ஃபீஸ் வாங்கினால் வியாபாரம் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. மொட்டைமாடி டீச்சர் மாதம் ஒரு தொகை வாங்குவார்; எனக்கு அதில் குறை தெரியவில்லை. நான் பார்ப்பது மூன்று விஷயம். மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதை முதல் நாளே சொல்கிறாரா? பாதியில் நின்றால் மிச்சம் திரும்ப வருமா? அடுத்த நிலை, அதற்கடுத்த நிலை என்று ஏணி நீண்டுகொண்டே போகிறதா? விபாசனாவில் தங்குமிடம், சாப்பாடு உட்பட எதற்கும் கட்டணம் கிடையாது. அதோடு, ஒரு பத்து நாள் முகாமையாவது முடிக்காதவரிடம் நன்கொடையே வாங்க மாட்டார்கள். சாப்பிட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடு என்கிற கணக்கு. இதைவிட நேர்மையான விலைச்சீட்டு எனக்குத் தெரியாது.

மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகவேண்டாம்

தியானம் யாருக்கும் கெடுதல் செய்யாது என்று எல்லாரும் சொல்வார்கள். அது சரியில்லை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் தீவிரமாகத் தியானம் செய்த அறுபது பேரிடம் நீண்ட நேரம் பேசி, 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் 59 வகை அனுபவங்கள் பட்டியலாகியிருக்கின்றன. பயம், பதற்றம், தூக்கம் கெடுவது, தான் யாரென்ற பிடி நழுவுவது எல்லாம் அதில் உண்டு. பத்து நிமிடம் மூச்சைக் கவனிக்கிறவருக்கு இவையெல்லாம் வந்துவிடும் என்று பயப்படவேண்டாம். ஆனால் இப்படியும் நடக்கலாம் என்று உங்கள் ஆசிரியருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

ஆகவே சேரும்போதே அவர் உங்களைக் கேட்கவேண்டும்: ஏதாவது மனநலச் சிகிச்சையில் இருக்கிறீர்களா, என்ன மாத்திரை, சமீபத்தில் வீட்டில் இழப்பு உண்டா, தூக்கம் எப்படி? விபாசனா விண்ணப்பத்தில் உடல், மன நோய்கள் பற்றிய கேள்விகள் உண்டு. அங்கே பொய் எழுதிவிட்டுப் போகிறவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து எழுதாதீர்கள். கேட்காத ஆசிரியரிடம் நீங்களே சொல்லுங்கள். சொன்னதும் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். "டாக்டரைக் கேட்டுட்டு வாங்க" என்றால் நல்ல ஆள். "மாத்திரையை நிறுத்துங்க, இதுலயே சரியாயிடும்" என்றால் அன்றோடு சரி.

இந்த இடத்தில் நான் கடுமையாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. மதுரையிலிருந்து சில மணி நேரப் பயண தூரத்தில், தர்கா இருக்கிற ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் எரிந்து செத்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்ட குடும்பங்கள் வேண்டாம் என்று விடவில்லை. புண்ணிய இடத்தில் குணமாகும் என்று நம்பித்தான் பலர் விட்டார்கள். வெள்ளை ஜிப்பாவும் புல்லாங்குழலும் வந்துவிட்டதால் அந்த நம்பிக்கை மாறிவிடவில்லை. இன்று ஏசி ஹாலில் உட்கார்ந்து அதையே செய்கிறோம்.

மதுரையில் மருத்துவத்துக்குப் பஞ்சமில்லை. அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1992இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இருக்கிறது. போனில் பேசினால் போதும் என்றால் 14416. டெலி மனஸ் என்ற அரசு உதவி எண், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இதோடு ஒரு பழைய கதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விபாசனாவை இந்தியாவுக்குத் திரும்பக் கொண்டுவந்த கோயங்கா, பர்மாவில் பெரிய வியாபாரி. தாங்க முடியாத ஒற்றைத் தலைவலி. உலகமெல்லாம் வைத்தியம் பார்த்தும் தீராமல், 1955இல் ரங்கூனில் ஊ பா கின் என்பவரிடம் போனார். ஊ பா கின் துறவி இல்லை, பர்மா அரசின் தலைமைக் கணக்கு அதிகாரி. "தலைவலி போகத்தான் வந்தாய் என்றால் உன்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். வசதியான ஆள், வலியோடு வாசலில் வந்து நிற்கிறார். அவரைத் தவறான காரணத்துக்காக உள்ளே விடமாட்டேன் என்கிறார் அந்தக் கணக்கதிகாரி. சர்க்கரை, பிரஷர், குழந்தைப்பேறு, பிசினஸ் என்று எல்லாவற்றுக்கும் தியானத்தை மருந்தாகப் போஸ்டரில் அடிக்கும் ஆளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வரும்.

எங்கே போய்ப் பார்ப்பது

திண்டுக்கல் போகும் வழியில் காந்திகிராமத்துக்குப் பக்கத்தில், செட்டியபட்டியில் 'தம்ம மதுரா' என்ற விபாசனா மையம் இருக்கிறது. பத்து நாள், காலை நாலு மணிக்கு மணி, ஒரு நாளைக்குச் சுமார் பத்து மணி நேரம் உட்காருவது, பேச்சு கிடையாது, போனை முதல் நாளே கொடுத்துவிட வேண்டும். பாடமும் உரையும் கோயங்காவின் பதிவு செய்த குரலில் வரும். உதவி ஆசிரியர் ஒருவர் உடனிருந்து சந்தேகங்களுக்குப் பதில் சொல்வார். பகல் சாப்பாடு பதினோரு மணிக்கு; அதன் பிறகு மாலையில் புதியவர்களுக்குப் பழமும் டீயும்தான். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதி, பதில் வாங்கிக்கொண்டு போங்கள்.

என் கருத்து, முதல் அடியையே அங்கே வைக்காதீர்கள். நீச்சல் தெரியாதவனை நேராக வைகை அணையில் இறக்கின மாதிரி ஆகிவிடும். பலர் நீந்திவிடுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் இரண்டு மாதம் வீட்டிலோ ஒரு சிறு குழுவிலோ தினமும் இருபது நிமிடம் உட்கார்ந்து பழகியவர்கள் அங்கே போனால் கிடைப்பது அதிகம்.

வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறினால், ஊருக்குக் கொஞ்சம் முன்னால் பெருமாள்மலையில் போதி ஜெண்டோ. 1996இல் அதை நிறுவிய அருட்தந்தை ஏ.எம்.ஏ. சாமி இயேசு சபைப் பாதிரியார்; ஜப்பானில் யமாடா கோவுன் என்ற ஜென் ஆசானிடம் பயின்று, 1982இல் ஆசிரியராக அனுமதி பெற்றவர். பேச்சிப்பள்ளத்துக் கல்வெட்டு பாணியில் எழுதினால், யமாடா கோவுன் மாணாக்கர் சாமி செய்வித்த இடம். வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் வருவதால் ஆங்கிலப் புழக்கம் கூடுதல். போகுமுன் எழுதிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

இவையெல்லாம் தூரம். ஊருக்குள்ளே மன்றங்களிலும் யோகா நிலையங்களிலும் அறிமுக வகுப்பு அடிக்கடி நடக்கும். எந்த இடமானாலும் மூன்று முறை போய்ப் பாருங்கள். முதல் முறை எல்லாம் புதுசாகத் தெரியும், இரண்டாம் முறை குறை மட்டும் தெரியும், மூன்றாம் முறைதான் ஆள் தெரிவார். வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்கிறவரிடமும், நேரம் கழித்து வந்த மாணவரிடமும் ஆசிரியர் எப்படிப் பேசுகிறார் என்பதை அதற்குள் கண்டுபிடித்துவிடலாம்.

செயலியும் யூடியூபும் போதாதா என்றால், ஆரம்பத்தில் பழக்கம் பிடிக்கப் போதும். ஆனால் மூன்றாவது விசிலில் எங்கே இருந்தாய் என்று போன் உங்களைக் கேட்காது.

சேர்ந்த பிறகு

சேரும்போதே மனதுக்குள் ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் போதும். அந்தத் தேதி வந்ததும் தியானத்தில் என்ன அனுபவம் கிடைத்தது என்று கணக்குப் பார்க்காதீர்கள். அங்கே நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது சுலபம். வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரைக் கேளுங்கள். கோபம் குறைந்திருக்கிறதா, சொல்வதைக் காதில் வாங்குகிறோமா என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். பழைய நண்பர்களை விட்டு விலகி, வகுப்புக்காரர்களோடு மட்டும் பழக ஆரம்பித்திருக்கிறோமா என்பதையும் அவர்கள்தான் முதலில் கவனித்திருப்பார்கள்.

விட்டுவிட வேண்டும் என்று தோன்றினால் சொல்லிவிட்டு வாருங்கள். "எனக்கு ஒத்துவரலைங்கய்யா" என்ற ஒரு வரி போதும். "சரிப்பா, வேற எங்கயாச்சும் பாரு, உக்காருறதை மட்டும் விட்டுடாதே" என்று அனுப்புகிறவரிடம் சில வருடம் கழித்துத் திரும்பியும் போகலாம். பாதியில் விட்டால் கெடுதல் வரும் என்று பயமுறுத்துகிறவரிடம் சேர்ந்ததே தவறு.

கல்யாண மண்டபத்து மாடிக்கு நான் மூன்று மாதம் போனேன். 'அடுத்த நிலை'க்கும் பணம் கட்டியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவியிடம் கேட்டேன், ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று. வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "தெரியுது. முன்னாடியெல்லாம் சாயங்காலந்தான் கத்துவீங்க. இப்பத் தியானம் முடிச்சு எந்திரிச்ச உடனேயே ஆரம்பிச்சுடுறீங்க."

அந்த வாரமே நின்றுவிட்டேன். கட்டிய பணம் திரும்ப வரவில்லை.